அடகில் போன தீவும் அதன் துறைமுக ஊரும்: கிர்க்வாலைப் புரிந்துகொள்ள

2023 ஜூலையில் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகள் நார்வேயோடு சேரப் போகின்றன என்று ஒரு செய்தி பல நாட்டு ஊடகங்களில் சுற்றியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு செய்தி வந்தது: இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தின் நடுவே கிடக்கும் பலிபீடக் கல் ஆர்க்னியிலிருந்து போனது என்று. தலைப்பை மட்டும் படித்தவர்களுக்கு இரண்டும் தவறான படத்தைத்தான் கொடுத்திருக்கும். ஆனால் இரண்டு தவறுக்கும் அடியில் ஒரே உண்மை இருக்கிறது. சாலை வழியாக யோசித்தால் ஆர்க்னி பிரிட்டனின் கடைக்கோடி. கடல் வழியாக யோசித்தால் அது ஒரு நாற்சந்தி. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால், தலைநகரான கிர்க்வாலில் பார்க்கிற தேவாலயம், சந்து, மண்மேடு எல்லாவற்றுக்கும் காரணம் புலப்படும்.

அங்கே போக நினைப்பவர்களுக்கும், செய்தியைப் படித்துக் குழம்பியவர்களுக்கும் இந்தக் கட்டுரை.

முதலில் சில பெயர்கள்

1. ஆர்க்னி என்பது ஒரு தீவு அல்ல. ஏறத்தாழ 70 தீவுகளின் கூட்டம். அவற்றில் 20 சொச்சம் தீவுகளில் ஆட்கள் வாழ்கிறார்கள். மொத்த மக்கள்தொகை சுமார் 22,000.

2. அதில் பெரிய தீவின் பெயர் மெயின்லாந்து. குழப்பம் இங்கேதான் தொடங்கும். ஆர்க்னிக்காரர் 'மெயின்லாந்து' என்றால் தன் தீவைச் சொல்கிறார். ஸ்காட்லாந்தின் பெருநிலப்பகுதிக்குப் போவதை 'தெற்கே போவது' என்பார்கள்.

3. நோர்ஸ் என்பது நார்வே, டென்மார்க், சுவீடன் பகுதிகளில் அன்று பேசிய பழைய மொழியையும் அதைப் பேசிய மக்களையும் குறிக்கும். வைக்கிங் என்பது இனப் பெயர் இல்லை. கப்பலேறிக் கொள்ளைக்கும் வணிகத்துக்கும் போனவருக்குச் சொன்ன தொழிற்பெயர். ஆர்க்னியில் குடியேறி மாடு மேய்த்து வாற்கோதுமை விதைத்த நோர்ஸ் குடும்பத்தை வைக்கிங் என்பது பொருந்தாது.

4. ஏர்ல் என்பது நோர்ஸ் மொழியின் 'யார்ல்' என்ற பட்டம். நார்வே மன்னருக்குக் கட்டுப்பட்ட சிற்றரசர் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டுப்பட்டவர் என்பது பல சமயம் ஏட்டளவில்தான்.

5. கிர்க்வால் என்ற பெயரில் சுவர் எதுவும் இல்லை. நோர்ஸ் மொழியில் 'கிர்க்யுவாகர்', அதாவது தேவாலய விரிகுடா. உள்ளூர் வாயில் அது 'கிர்க்வா' என்று தேய்ந்தது. காதில் விழுந்த 'வா' என்பதை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் சுவர் என்று நினைத்து 'வால்' ஆக்கிவிட்டார்கள்.

தீவுகளின் பெயர்களைக் கவனித்தால் சாண்டே, வெஸ்ட்ரே, ஸ்ட்ரோன்சே என்று முடியும். அந்த ஈற்று நோர்ஸ் மொழியில் தீவைக் குறிக்கும் சொல். 'பிஸ்டர்' என்று முடிந்தால் பண்ணை, 'நெஸ்' என்று முடிந்தால் நிலமுனை. வரைபடத்தை எடுத்துப் படித்தாலே யார் பெயர் வைத்தார்கள் என்று தெரிந்துவிடும்.

ஊர் ஏன் இந்த இடத்தில்?

மெயின்லாந்து தீவின் இடுப்பு ஓரிடத்தில் ஒடுங்குகிறது. வடக்கே கிர்க்வால் விரிகுடா. தெற்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டரில் ஸ்காபா விரிகுடா. வடக்கிலிருந்து வரும் கப்பலுக்கு ஒரு கரை, தெற்கிலிருந்து வருவதற்கு மறு கரை. காற்று எந்தப் பக்கம் வீசினாலும் ஒதுங்க இடம் உண்டு. துறைமுக ஊர் அமைய இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட சாகா (நோர்ஸ் மக்களின் பழைய உரைநடைக் கதை) ஒன்று, 1046-ஐ ஒட்டிய நிகழ்வுகளில் கிர்க்வாலைக் குறிப்பிடுகிறது. அப்போது அது சில வீடுகளும் புனித ஒலாவ் பெயரில் ஒரு தேவாலயமும் கொண்ட சந்தை ஊர். அன்றைய கடல் இன்றைய ஊருக்குள் வெகுதூரம் வந்திருந்தது. இப்போது 'பீடி சீ' என்று ஒரு சிறு நீர்நிலையாக மிஞ்சியிருப்பது பழைய கடற்கழியின் மிச்சம். ('பீடி' என்றால் ஆர்க்னி பேச்சில் சின்னது. புகைக்கிற சமாச்சாரம் இல்லை.) மற்றதையெல்லாம் தூர்த்துச் சாலை போட்டுவிட்டார்கள். தேவாலயம் கரையை விட்டு உள்ளே தள்ளி நிற்பதைப் பார்த்து வியப்பவர்கள் உண்டு. நகர்ந்து போனது கடல்தான்.

தூரத்தையும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். கிர்க்வாலிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் லண்டனைவிட நார்வேயின் பெர்கன் நகரம் பக்கம். பாய்மரக் காலத்தில் மலைப்பாதையைவிடக் கடல்வழி வேகமானது. அப்படியானால் இந்தத் தீவுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதில் பெரிய புதிர் ஒன்றும் இல்லை.

நோர்ஸ் மக்களுக்கு 4,000 ஆண்டு முன்பே

ஆனால் கதை நோர்ஸ் மக்களிடம் தொடங்கவில்லை. அவர்கள் வந்தது ஏறத்தாழ கி.பி. 800-ஐ ஒட்டி. அதற்கு 4,000 ஆண்டுக்கு முன்பே இங்கே கல்வீடு கட்டியவர்கள் இருந்தார்கள்.

ஏன் இவ்வளவு மிஞ்சியது? இரண்டு காரணங்கள்.

முதலாவது, பாறை. ஆர்க்னியின் பெரும்பகுதி 38, 39 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய ஏரியின் அடியில் படிந்த மணற்கல். அடுக்கடுக்காகப் படிந்ததால் பலகை பலகையாகப் பெயர்ந்து வரும். உலோகக் கருவி இல்லாதவர்கள்கூட நேரான விளிம்புள்ள கல்லை எடுக்க முடிந்தது.

இரண்டாவது, மரம் இல்லாமை. காற்றும் உப்பும் மேய்ச்சலும் சேர்ந்து தீவுகளைக் கிட்டத்தட்ட மரமற்ற நிலமாக்கிவிட்டன. கிர்க்வாலின் ஆல்பர்ட் தெருவில் ஒரே ஒரு மரம் நிற்கிறது. அதற்குப் பெயரே 'பெரிய மரம்'. ஒரு மரத்துக்குப் பெயர் வைக்கும் ஊரில் மரத்தின் மதிப்பு என்ன என்று புரிந்துகொள்ளலாம். வேறு நாடுகளில் புதிய கற்கால மக்கள் கட்டில், அலமாரி எல்லாவற்றையும் மரத்தில் செய்தார்கள், அவை மக்கிப் போயின. இங்கே கல்லில் செய்தார்கள். கல் இருந்துவிட்டது.

இதன் உச்சம் மேற்குக் கரையில் உள்ள ஸ்காரா பிரே. 1850-இல் ஒரு புயல் மணல்மேட்டைக் கிழித்தபோது வெளியே வந்த ஊர் அது. கி.மு. 3200-ஐ ஒட்டித் தொடங்கி கி.மு. 2500 வரை ஆள் வாழ்ந்த இடம். எகிப்தின் பெரிய பிரமிடு எழும்பியபோது இந்த ஊருக்கே 600 வயது கடந்திருக்கும். வீடுகள் ஒன்றோடொன்று மூடிய சந்துகளால் இணைந்திருக்கின்றன. நடுவில் அடுப்பு, இரு பக்கமும் கல் கட்டில், வாசலுக்கு எதிரே கல் அலமாரி. கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் இதே அமைப்பு. அரண்மனை இல்லை, கோட்டை மதில் இல்லை. 5,000 ஆண்டுகளைத் தாண்டி ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்து 'இங்கே சாமான் வைத்திருப்பார்கள்' என்று சொல்ல முடிகிற இடம் உலகத்தில் அதிகம் கிடையாது.

ஸ்காரா பிரே, மேஸ்ஹவ் கல்லறை, ஸ்டென்னஸ் நெடுங்கற்கள், ப்ராட்கர் கல்வட்டம் ஆகிய நான்கும் சேர்ந்து 1999-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. ப்ராட்கர் வட்டத்தின் விட்டம் 104 மீட்டர். முதலில் 60 கற்கள் இருந்திருக்கலாம் என்பது கணிப்பு. இன்று அதில் பாதிகூட நிற்கவில்லை. ஸ்டென்னஸில் நான்கே கற்கள், ஆனால் உயரம் 6 மீட்டர் வரை. பக்கத்திலேயே 'ஓடின் கல்' என்று துளையுள்ள ஒரு கல் இருந்தது. அந்தத் துளை வழியே கை கோர்த்து ஊர்க்காரர்கள் சத்தியம் செய்துகொள்வார்கள். 1814-இல் அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த ஒருவர், பார்க்க வருகிறவர்கள் தொல்லை தாங்காமல் அதை உடைத்துவிட்டார். கல்லுக்கு ஓடின் என்ற நோர்ஸ் தெய்வத்தின் பெயர். கல்லோ அந்தத் தெய்வத்தை யாரும் கும்பிடத் தொடங்குவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மூத்தது. பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்ததைத் தமதாக்கிக்கொண்டார்கள். ஆர்க்னி முழுக்க இதுதான் நடந்திருக்கிறது.

இப்போது 2024-இல் வந்த இரண்டு செய்திகளை விளக்கிவிடலாம்.

*ஸ்டோன்ஹெஞ்சின் கல்.* ஆறு டன் எடையுள்ள பலிபீடக் கல்லின் கனிமத் துகள்களை ஆராய்ந்தவர்கள் 2024 ஆகஸ்டில், அது ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலுள்ள 'ஆர்க்னிப் படுகை'யிலிருந்து வந்தது என்றார்கள். குறைந்தது 750 கிலோமீட்டர் பயணம். படுகை என்பது நிலவியல் சொல். முன்பு சொன்ன பழைய ஏரியின் படிவு பரவிய மொத்தப் பரப்பும் அதில் அடங்கும். ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் வடகிழக்குப் பகுதியும் சேர்த்தி. செய்தித் தலைப்புகள் படுகையைத் தீவாக்கிவிட்டன. அடுத்த மாதமே வந்த இன்னொரு ஆய்வு, ப்ராட்கர், ஸ்டென்னஸ் கற்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஆர்க்னியின் மெயின்லாந்து தீவிலிருந்து அந்தக் கல் போகவில்லை என்றது. ஆனால் தெற்கே எதுவும் போகவில்லை என்று அர்த்தம் இல்லை. வரிகள் கீறிய ஒரு வகைப் பானை முதலில் ஆர்க்னியில் தோன்றிப் பிறகு தென் இங்கிலாந்து வரை பரவியது. எதிர்த்திசையிலும் ஒரு சாட்சி உண்டு. பிரிட்டன் பெருநிலத்தில் இல்லாத ஒரு வகை வயல் எலி ஆர்க்னியில் மட்டும் இருக்கிறது. அதன் உறவினர்கள் ஐரோப்பாக் கண்டத்தில் இருக்கிறார்கள். கற்கால மக்களின் படகில் ஒளிந்து வந்திருக்க வேண்டும். நாற்சந்தி என்று சொன்னதற்கு எலியும் சாட்சி சொல்கிறது.

*நெஸ் ஆஃப் ப்ராட்கர்.* இரண்டு கல்வட்டங்களுக்கும் இடையே உள்ள ஒடுங்கிய நிலத்தில் 2003-இல் உழும்போது ஒரு செதுக்கிய கல் அகப்பட்டது. தோண்டியபோது தடித்த மதிலும், வண்ணம் பூசிய கற்களும், பெரிய கட்டடங்களும் வந்தன. இருபது ஆண்டு கோடைகளில் அகழாய்வு நடந்தது. 2024 ஆகஸ்டில் முடித்து மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். கிடைத்ததை ஏன் புதைக்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். பலகையாகப் பெயரும் அதே குணம்தான் காரணம். காற்றும் மழையும் பனியும் பட்டால் அந்தக் கல் அடுக்கடுக்காக உரிந்து போகும். மண்ணுக்குள் இருக்கும்வரை பத்திரம். இப்போது போனால் அங்கே புல்வெளிதான் தெரியும். ஏமாந்துவிட வேண்டாம்.

கல்லறைக்குள் கிறுக்கியவர்கள்

மேஸ்ஹவ் தனிக் கவனம் பெற வேண்டிய இடம், ஏனென்றால் இரண்டு காலங்களும் ஒரே அறைக்குள் சந்திப்பது இங்கேதான். கி.மு. 2800-ஐ ஒட்டிய கல்லறை இது. குனிந்து போக வேண்டிய 10 மீட்டர் நுழைவழி. டிசம்பரின் மிகக் குறுகிய பகலை ஒட்டிய வாரங்களில் மறையும் சூரியன் இந்த வழியே நுழைந்து பின்சுவரில் விழும்.

12-ஆம் நூற்றாண்டின் நடுவில் நோர்ஸ் ஆட்கள் கூரையை உடைத்து உள்ளே இறங்கினார்கள். சுவரில் ரூன் எழுத்துகளில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கீறினார்கள். ரூன் என்பது கல்லிலும் மரத்திலும் வெட்ட வசதியான நேர்கோட்டு எழுத்து. என்ன எழுதினார்கள்? ஜெருசலேம் போனவர்கள் இந்த மேட்டை உடைத்தார்கள் என்று ஒருவர். புதையலை யாரோ ஏற்கெனவே எடுத்துப் போய்விட்டார்கள் என்று இன்னொருவர். மேற்குக் கடலில் ரூன் எழுத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒருவர் பீற்றிக்கொள்கிறார். இங்கிகெர்த்தான் பெண்களில் பேரழகி என்கிறது ஒரு வரி. மொத்தத்தில், நம் ஊர் மலைக்கோயில் சுவர்களில் பார்க்கிற கிறுக்கல்களின் அண்ணன். 850 ஆண்டுக்கு மேல் ஆனதால் இதற்குக் காவலும் வழிகாட்டியும் நுழைவுச்சீட்டும் உண்டு.

அறிஞர்கள் இந்தக் கிறுக்கல்களை மதிப்பதற்குக் காரணம் எளிது. மன்னரைப் பற்றிய கல்வெட்டு பல இடங்களில் கிடைக்கும். சாதாரண ஆள் குளிருக்கு ஒதுங்கி நின்று என்ன நினைத்தான் என்பது எளிதில் கிடைக்காது.

கொலையில் பிறந்த தேவாலயம்

ஏர்ல் பட்டத்தைப் பங்காளிகள் பகிர்ந்துகொள்வது ஆர்க்னி வழக்கம். அதனால் பங்காளிச் சண்டையும் வழக்கம். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாக்னஸ், ஹாகோன் என்ற இரு பங்காளிகள் ஆண்டார்கள். சமாதானம் பேச எகில்சே தீவில் சந்திப்பது, ஆளுக்கு இரண்டு கப்பல் என்பது ஏற்பாடு. ஹாகோன் எட்டுக் கப்பலோடு வந்தார். கொல்லச் சொன்னபோது கொடி பிடிப்பவன் மறுத்துவிட்டான்; சமையல்காரன் லிஃபோல்ஃபின் கையில் கோடரியைக் கொடுத்தார்கள். 1117-ஐ ஒட்டி நடந்தது இது. மாக்னஸ் மக்கள் மனத்தில் புனிதரானார்.

ஒரு தலைமுறை கழித்து மாக்னஸின் சகோதரி மகன் ரோக்ன்வால்ட் பட்டத்துக்கு உரிமை கோரி நார்வேயிலிருந்து வந்தார். படைபலம் போதவில்லை. அவருடைய அப்பா ஒரு யோசனை சொன்னார்: வென்றால் தாய்மாமன் பெயரில் பெரிய தேவாலயம் கட்டுவதாக நேர்ந்துகொள். பக்தியும் அரசியல் கணக்கும் கலந்த யோசனை, வேலை செய்தது. 1137-இல் சிவப்பு, மஞ்சள் மணற்கற்களில் புனித மாக்னஸ் தேவாலயம் எழத் தொடங்கியது. கட்டி முடிக்க நூற்றாண்டுகள் ஆயின. 1919-இல் பழுதுபார்த்தபோது ஒரு தூணுக்குள் பெட்டியும், அதில் வெட்டுக்காயத்தோடு மண்டையோடும் கிடைத்தன. சாகா சொன்ன காயத்தோடு அது ஒத்துப்போனது.

தேவாலயத்துக்கு எதிரே ஆயர் மாளிகையின் இடிபாடு. 1263-இல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் போரிட்டுத் திரும்பிய நார்வே மன்னர் நான்காம் ஹாகோன் அந்தக் குளிர்காலத்தில் இங்கேதான் படுத்த படுக்கையானார். முதலில் லத்தீன் நூல்களைப் படிக்கச் சொன்னாராம். புரிந்துகொள்ளும் தெம்பு போனதும் தாய்மொழிக்கு மாறச் சொன்னார். முன்னோர் மன்னர்களின் கதைகளைக் கேட்டபடி டிசம்பரில் இறந்தார். மூன்றாண்டு கழித்து அவர் மகன் மேற்குத் தீவுகளையும் மான் தீவையும் ஸ்காட்லாந்துக்குப் பணத்துக்குக் கொடுத்துவிட்டார். ஆர்க்னியும் அதற்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுக்கூட்டமும் மட்டும் நார்வேயிடம் நின்றன.

அடகு: நடந்தது என்ன?

2023 செய்தியின் வேர் இங்கேதான் இருக்கிறது. வரிசையாகப் பார்த்தால் எளிது.

1. 1468-இல் டென்மார்க்குக்கும் நார்வேக்கும் ஒரே மன்னர், முதலாம் கிறிஸ்டியன். அவர் மகள் மார்கரெட்டுக்கு ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் ஜேம்ஸோடு திருமணம் நிச்சயமானது.

2. சீர்ப்பணம் 60,000 ரைன் ஃப்ளோரின். அது அன்றைய பொன் நாணயம். 10,000 ரொக்கமாகத் தருவது, மீதி 50,000-க்கு ஆர்க்னியில் மன்னருக்கு இருந்த நிலங்களையும் உரிமைகளையும் அடகு வைப்பது என்று ஒப்பந்தம்.

3. கிறிஸ்டியனிடம் அந்த 10,000-மும் இல்லை. 2,000 புரட்டினார். பாக்கி 8,000-க்கு 1469-இல் ஷெட்லாந்தும் அடகுக்குப் போனது.

4. அடகு என்றால் பணம் கட்டி மீட்கலாம். பின்னால் வந்த டென்மார்க் மன்னர்கள் மீட்பதைப் பற்றிப் பலமுறை பேசினார்கள். ஸ்காட்லாந்து பிடி கொடுக்கவில்லை.

5. ஜேம்ஸ் மறுபக்கம் காரியத்தை முடித்துக்கொண்டிருந்தார். அன்றைய ஏர்லுக்கு ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டையைக் கொடுத்து ஏர்ல் பட்டத்தின் உரிமைகளை வாங்கினார். 1472-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இரு தீவுக்கூட்டங்களையும் மன்னரின் உடைமையோடு சேர்த்தது.

6. 1486-இல் கிர்க்வாலுக்கு அரச நகர உரிமை கிடைத்தது. அதே சாசனம் தேவாலயத்தை ஊராருக்கே கொடுத்தது. இன்றும் அது எந்தச் சபைக்கும் சொந்தமில்லை. ஊர் மக்கள் சார்பில் தீவு மன்றம் நிர்வகிக்கிறது.

மகள் கல்யாணத்துக்காகத் தீவை அடகு வைத்து மூழ்கவிட்ட கதை என்று சுருக்கலாம். ஆனால் ஒரு திருத்தம் தேவை. 1468-இல் ஒரே இரவில் ஆர்க்னி ஸ்காட்லாந்து ஆகவில்லை. 13-ஆம் நூற்றாண்டிலேயே பட்டம் ஸ்காட்டியக் குடும்பங்களுக்குப் போயிருந்தது. 1379-இல் சின்க்ளேர் குடும்பத்துக்கு வந்தது. பத்திரம் மாறுவதற்கு முன்பே பழக்கவழக்கம் மாறத் தொடங்கியிருந்தது. மறுபுறம், பத்திரம் மாறிய பிறகும் நோர்ஸ் மொழியின் கிளையான 'நார்ன்' 18-ஆம் நூற்றாண்டு வரை பேச்சில் இருந்தது. நிலச் சட்டத்தில் 'யூடல்' என்ற நோர்ஸ் முறையின் எச்சம் இன்னும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மற்ற பகுதிகளில் அலை ஏறி இறங்கும் கடற்கரை பொதுவாக அரசுரிமை. யூடல் நிலம் வைத்திருப்பவருக்கோ கடல் வற்றும் கடைசி எல்லை வரை சொந்தம். மீன்வளர்ப்பும் கடல் காற்றாலையும் பெருகும் காலத்தில் இது வெறும் பழங்கதை இல்லை.

அப்படியானால் 2023 வாக்கெடுப்பு?

தீவு மன்றம் 15-க்கு 6 என்ற கணக்கில் முடிவு செய்தது இதைத்தான்: ஆட்சிமுறைக்கு வேறு என்னென்ன வழிகள் உண்டு என்று ஆராய்வது. ஜெர்சி, கெர்ன்ஸி, மான் தீவு போல பிரிட்டன் மன்னருக்குக் கீழ் தனியாட்சி நடத்துவது, டென்மார்க்கின் கீழ் ஃபாரோ தீவுகள் இருப்பது போன்ற முறை, நார்டிக் நாடுகளோடு நெருக்கம் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. அன்றைய மன்றத் தலைவர் ஜேம்ஸ் ஸ்டாக்கன், பிரிட்டன் ஐக்கிய ராஜ்ஜியத்தோடு இருந்ததைவிட நோர்ஸ் உலகத்தோடு நீண்ட காலம் இருந்தோம் என்று பேசியது ஊடகங்களுக்குப் போதுமானதாக இருந்தது. பிரிட்டன் அரசு பேச்சுக்கே இடமில்லை என்றது. நார்வே அது பிரிட்டனின் உள்விவகாரம் என்று ஒதுங்கிக்கொண்டது.

உள்ளே இருந்த குறை சாதாரணமானது. தீவுகளுக்கு இடையே ஓடும் படகுகள் பழசாகிவிட்டன. மற்ற தீவுப் பகுதிகளோடு ஒப்பிட்டால் தலைக்கு வரும் நிதி குறைவு என்பது மன்றத்தின் புகார். வரலாறு அந்தப் புகாருக்குக் கிடைத்த ஒலிபெருக்கி. என் கணிப்பில் அது கெட்டிக்காரத்தனம். படகுக்குப் பணம் கேட்டு ஒரு தீவு மன்றம் போட்ட தீர்மானத்தை ஆசியாவில் யார் படித்திருப்பார்கள்?

அடகை இப்போது மீட்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. ஐந்தரை நூற்றாண்டு ஆட்சியும் அங்கே வாழும் மக்களின் விருப்பமும்தான் இன்று செல்லும். இரத்த உறவும் நினைப்பதைவிடக் குறைவு. 2015-இல் வெளியான பிரிட்டன் மரபணு ஆய்வு ஆர்க்னி மக்களின் மரபுத்தொகுதியில் நார்வேப் பங்கு சுமார் 25 சதவீதம் என்றது. நோர்ஸ் மக்களுக்கு முன் இருந்த பிக்ட் மக்கள் கொல்லப்பட்டார்களா, கலந்தார்களா என்பதில் ஆய்வாளர்களுக்குள் வழக்கு இன்னும் முடியவில்லை. இடப்பெயர்களில் அவர்களின் தடம் கிட்டத்தட்ட இல்லை. மரபணுவோ அவர்கள் ஒரேயடியாக மறையவில்லை என்கிறது.

போகிறவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் வடகரையில் உள்ள ஸ்க்ராப்ஸ்டரிலிருந்து ஸ்ட்ரோம்னஸ் ஊருக்குக் கப்பல் ஒன்றரை மணி நேரம். அபர்டீனிலிருந்து கிர்க்வாலுக்கு ஏறத்தாழ 6 மணி நேரம். விமானமும் உண்டு. முதல் வழியையே சொல்வேன். ஹோய் தீவின் 137 மீட்டர் உயரக் கல்தூண் வழியில் தெரியும். போதாக்குறைக்கு ஸ்ட்ரோம்னஸையும் பார்க்கலாம். 18-ஆம் நூற்றாண்டில் கனடாவின் ஹட்சன் பே கம்பெனிக்கு ஆள் எடுத்த துறைமுகம் அது. ஒரு கட்டத்தில் கம்பெனி ஆட்களில் முக்கால்வாசிப் பேர் ஆர்க்னிக்காரர்கள்.

கிர்க்வாலில் அரை நாள் நடையை இப்படி அமைக்கலாம்:

1. துறைமுகத்தில் தொடங்கி பிரிட்ஜ் தெரு, ஆல்பர்ட் தெரு வழியே தேவாலயத்துக்கு. பழைய கரையோரம் இந்தத் தெருக்களை ஒட்டித்தான் இருந்தது. அது தெரிந்தால் அவை ஏன் இப்படி வளைகின்றன என்பதும் தெரியும்.

2. தேவாலயத்தில் தூண்களையும், வடதுருவ ஆய்வாளர் ஜான் ரேயின் நினைவுச் சிலையையும் பாருங்கள்.

3. ஆயர் மாளிகையும், பக்கத்தில் ஏர்ல் மாளிகையும். இரண்டாவதைக் கட்டிய பாட்ரிக் ஸ்டூவர்ட் கூலி கொடுக்காமல் வேலை வாங்கியவர். 1615-இல் மரண தண்டனை பெற்றார். கட்டடம் அழகுதான்.

4. எதிரே டாங்கர்னஸ் மாளிகையில் ஆர்க்னி அருங்காட்சியகம்.

5. நேரம் இருந்தால் ஊரின் தொழிற்பேட்டைக்குள் ஒளிந்திருக்கும் கிரெய்ன் நிலவறை. இரும்புக்கால மக்கள் தோண்டியது. கிடங்குகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே படியிறங்கிப் பூமிக்குள் போவது விசித்திரமான அனுபவம்.

மறுநாள் மேற்கே. மேஸ்ஹவ் பார்க்க முன்பதிவு வேண்டும். ஸ்காரா பிரேவுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. கல்வட்டங்களுக்குக் கதவும் இல்லை, கட்டணமும் இல்லை. பிர்சே முனையை ஒட்டிய சிறு தீவில் உள்ள நோர்ஸ் குடியிருப்புக்குப் போவதாக இருந்தால் கடல் வற்றும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வற்றத்துக்கு முன்னும் பின்னும் சுமார் இரண்டு மணி நேரம்தான் நடைபாதை வெளியே இருக்கும்.

கோடையில் கிர்க்வாலுக்கு வரும் உல்லாசக் கப்பல்களில் சில 4,000 பேரைச் சுமந்து வரும். ஊரின் மக்கள்தொகையே 10,000 அளவுதான். கப்பல் வரும் நாட்களின் பட்டியலைத் துறைமுகம் முன்கூட்டியே வெளியிடுகிறது. அதைப் பார்த்து, பெரிய கப்பல் நிற்கும் நாளில் வெளித்தீவுகளுக்குப் போய்விடுவது உத்தமம். கல்வட்டத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதற்குள் பேருந்துகள் போயிருக்கும்.

ஸ்காரா பிரேவைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்கு மட்டும் தனிக் காரணம் இருக்கிறது. 1850-இல் அதைத் திறந்து காட்டிய அதே கடல் பிறகு அதன் ஓரத்தைத் தின்னத் தொடங்கியது. 1920-களில் தடுப்புச்சுவர் கட்டினார்கள். சுவர் நின்ற இடம் நிற்கிறது, இரு பக்கமும் கரை அரித்துக்கொண்டே போகிறது. 2019-இல் பருவநிலை மாற்றப் பாதிப்பு மதிப்பீடு ஒன்று இந்தப் பாரம்பரியப் பகுதியை மிக அதிக ஆபத்தில் உள்ளவற்றில் சேர்த்தது. ப்ராட்கரில் செய்தது போல மண் போட்டு மூடி இதைக் காப்பாற்ற முடியாது. இங்கே மண்ணையே கடல் கொண்டுபோகிறது.